நொய்யல் கரையில் நீத்தார் நினைவு

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த எந்த வீதியில் நுழைந்தாலும், அந்த வாரம் அவ்விடத்தில் காலமானவர்கள் யார் யார் என்பதைச் சுவர்களே அறிவித்துவிடும். மின்கம்பத்திலும், டீக்கடைத் தட்டியிலும், பூட்டிய கடையின் இரும்புக் கதவிலும், கம்பெனி மதிற்சுவரிலும் கறுப்புக் கரையிட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருக்கும். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்னும் கொட்டை எழுத்து, இரு மருங்கிலும் எரிகிற குத்துவிளக்கு, நடுவே ரோஜா மாலைக்குள் ஒரு முகம். அந்த முகம் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணப் படத்திலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்டதாக இருக்கும். உற்று நோக்கினால், அன்று பக்கத்தில் நின்றவருடைய தோளில் ஒரு துண்டோ, பட்டுப் புடவை ஒன்றின் கரையோ படத்தின் ஓரத்தில் இன்னும் தங்கியிருப்பது புலப்படும். முகத்தின் கீழே ‘தோற்றம்’ என்று ஒரு தேதி, ‘மறைவு’ என்று ஒரு தேதி. அவற்றுக்கும் கீழே, இறந்தவருடைய பெயரைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, துக்கத்தில் பங்குகொள்ளும் பந்துக்கள், நண்பர்கள், கம்பெனிகள் ஆகியோரின் நாமாவளி. பத்து நாட்களுக்குள் மழையோ, வேறொருவருடைய மரணமோ அந்தச் சுவரொட்டியை மறைத்துவிடுகிறது.

அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் அந்த மனிதர் என்ன செய்தார், எந்த ஊரிலிருந்து எப்படி இங்கே வந்து சேர்ந்தார், எந்தக் கம்பெனியில் எந்த யந்திரத்தின் முன் அமர்ந்து தம் கண்ணொளியைச் செலவிட்டார் என்பதைப் பற்றி ஒரு வரியேனும் அதில் இராது. இறந்தவரைக் கௌரவிக்க வேண்டும் என்ற ஆவலில் இவ்வூர் மக்களுக்கு ஒரு குறைவும் இல்லை. அவர்களுடைய அன்பு மெய்யானது, அதற்காக அவர்கள் செலவிடும் பொருளும் பெரிது. ஆயினும் நீத்தாரை நினைக்கும் சம்பிரதாயம் இந்த நொய்யல் கரையில் எவ்வளவு புராதனமானது, எத்தனை ரூபங்களை எடுத்து வந்திருக்கிறது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்க்கும்போது, இறந்தவருடைய வாழ்வைச் சொல்லும் பழக்கம் நம் காலத்தில் எங்கேயோ நழுவிப் போயிருக்கிறது என்ற விசாரம் எனக்கு உண்டாகிறது.

திருப்பூரிலிருந்து நொய்யலாற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிச் சென்றால், சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும், அருங்கலங்களுக்குப் பேர்போன ஊர் இதுவே என்பது அறிஞர்கள் கொள்கை. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் அங்கே அகழ்ந்தபோது, மக்கள் வாழ்ந்து தொழில் செய்த மேட்டையும், அவர்கள் தம்முடைய இறந்தோரை வைத்த ஈமக்காட்டையும் அடுத்தடுத்தே கண்டார்கள். பெரும் கற்பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல் அமைத்த கற்பதுக்கைகள். அவற்றைச் சுற்றிக் கல்வட்டங்கள். பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை. ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன என்றால், இறந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற எண்ணம் அந்த மக்களுக்கு எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்! வாழ்விடத்துப் பானையோடுகளில் சம்பன் சுமணன், கண்ணன் ஆதன் என்றெல்லாம் தமிழ் எழுத்துக்களில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. நூல் நூற்கும் தக்களியின் வட்டுக்களும் அவ்வூர் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் நூல் முறுக்கினவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சிறு வட்டுக்களே சாட்சி. முறுக்கின கைகள் யாருடையவை என்று எந்த ஓடும் சொல்லவில்லை.

கற்பதுக்கைக்குப் பின் நடுகல் வந்தது. வீரன் ஒருவனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஒழுங்குபட வகுத்துக் கூறுகிறது. கையறுநிலை என்றே ஒரு துறையைப் புறத்திணைக்குள் சேர்த்து, இறந்தவனை எண்ணிச் செயலற்று நிற்கும் நெஞ்சுக்கும் நம் முன்னோர் இலக்கணம் செய்தார்கள். கொங்குநாட்டில் புலிகுத்திக் கற்கள் மிகுதி. காட்டைத் திருத்தி ஆடுமாடுகளை மேய்த்த நாட்டில், பட்டிக்குள் புகுந்த புலியோடு போராடி மடிந்தவனே ஊரின் நாயகன். கொண்டையை ஒரு புறம் சாய்த்து முடிந்து, இடையில் குறுவாள் செருகி, பாயும் புலியின் வாய்க்குள் ஈட்டியைச் செலுத்தி நிற்கும் அந்த உருவங்களைக் காடுமேடுகளில் தேடிக் கண்டு படியெடுத்துப் பதிப்பிக்கும் கைங்கரியத்தை, திருப்பூரிலேயே இயங்கும் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையத்தார் செய்துவருகிறார்கள். நன்றியோடு குறிப்பிட வேண்டிய தொண்டு அது. அந்தக் கற்களில் ஒரு விசேஷம் உண்டு: எழுத்தே இல்லாத கல்லும், அவன் எப்படி இறந்தான், என்ன வேலையில் இருக்கும்போது இறந்தான் என்பதைச் சித்திரமாகச் சொல்லிவிடுகிறது. நம்முடைய சுவரொட்டியோ எழுத்து நிரம்பியிருந்தும் அதைச் சொல்லுவதில்லை.

துக்கத்தைப் பற்றிய கதைகளுள் எனக்கு மிகவும் உருக்கமாகத் தோன்றுவது, திருப்பூருக்கு அண்மையிலுள்ள அவிநாசியைச் சார்ந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வூர் வீதி வழியே வரும்போது, ஒரு வீட்டில் உபநயனத்தின் மங்கல வாத்தியம் முழங்குகிறது. எதிர் வீட்டில் அழுகுரல் கேட்கிறது. என்னவென்று வினவுகிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பிராயத்தினர்; சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து குளிக்கப் போன இடத்தில் ஒரு பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது; தப்பிய பிள்ளைக்கு இன்று பூணூல்; போன பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இன்றே நடந்திருக்கும் என்று பெற்றவர்கள் அழுகிறார்கள். நாயனார் பதிகம் பாட, முதலை பிள்ளையை வளர்ந்த உருவத்தோடு கரையில் உமிழ்ந்தது என்று புராணம் முடிக்கிறது. அந்த அற்புதத்தை அவிநாசியில் இன்றும் உற்சவமாகக் கொண்டாடுகிறார்கள். அற்புதத்துக்கு முந்தைய கணமே என் நெஞ்சை விட்டு அகலாதது: இறந்த பிள்ளைக்கு இப்போது என்ன வயது ஆகியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாழ்ந்த அந்தத் தாய் தந்தையரின் ஸ்மரணை.

இனிக் கிராமத்து எழவு வீட்டுக்கு வருவோம். தந்தியும் தொலைபேசியும் இல்லாத நாளில் கொங்கு நாட்டுக் கிராமங்களில் சாவுச் செய்தி ஆள் மூலமே சென்றது. நடந்தே போய், வீட்டு வாசலில் நின்று, இன்னார் இறந்துவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார் செய்தி சொல்லுகிறவர். சங்கும் சேகண்டியும் தப்பட்டையும் முழங்க, உறவின்முறையார் கோடித் துணியோடு வந்து சேர்வார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுகிற ஒப்பாரியில், இறந்தவருடைய பிறந்த ஊர், வாக்கப்பட்ட வீடு, அவர் வெட்டிய கிணறு, வாங்கிய காளை, பட்ட கடன், கண்ட நோய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிழும். வாயிற்பந்தலில் ஆண்களின் பேச்சும் அதே தன்மையதுதான். இரவு முழுவதும் பிணத்துக்குக் காவலிருக்கும்போது, பஞ்ச காலத்தில் அவர் என்ன செய்தார், எந்த வழக்கில் யாருக்குச் சாட்சி சொன்னார், எந்தச் சந்தையில் எப்படி ஏமாந்தார் என்று முதியவர் ஒருவர் தொடங்க, மற்றவர்கள் விட்டதைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். பொழுது விடிவதற்குள் அந்த மனிதருடைய சரித்திரம் ஏறக்குறைய முழுமையாகவே உரைக்கப்பட்டிருக்கும். நம் நாட்டில் சாமானிய மக்களுக்கென்று எழுதப்படாத வரலாறு ஒன்று இருந்ததென்றால், அது அந்த இராத்திரிப் பேச்சில்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. அந்தப் பேச்சு எல்லோரைப் பற்றியும் நிகழவில்லை. சாதிக்கொரு மயானம் இருந்த நாட்டில், நினைவுக்கும் வேலி இருந்தது. பண்ணையக்காரருடைய மரணத்துக்குத் தப்பட்டை அடித்தவர் காலமானபோது, பண்ணையக்காரர் வீட்டுப் பந்தலில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்பட்டிராது. பல ஊர்களுக்கும் கால் நோவ நடந்து துக்கச் செய்தி சொன்னவருடைய துக்கத்தை அவருடைய தெரு மாத்திரமே அறிந்தது. பழைமையை வியக்கிறவர்கள் இந்த அநீதியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வாய்மொழி நினைவின் வலிமைக்கு ஓர் உதாரணம் காங்கேயம் பகுதியிலேயே கிடைக்கிறது. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவது கொங்குநாட்டு வழக்கம். 1965ஆம் ஆண்டில், ஆராய்ச்சி மாணவியாக வந்து ஓலப்பாளையம் கிராமத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்னும் பெண்மணி, அந்தக் கதை முழுவதையும் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னர் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தது. கதையின் சிகரம் படுகளம். போர்க்களத்தில் மாண்டு கிடக்கும் சகோதரர்களைத் தேடித் தங்காள் புலம்பிக்கொண்டு வருகிற கட்டம் வரும்போது, கேட்கும் பெண்கள் தாமும் தத்தம் வீட்டில் இறந்தவர்களை எண்ணி அழுவார்கள். கோயில் விழாக்களில் படுகளம் விழுவதும் எழுப்புவதும் இன்றும் நடைபெறுகின்றன. நூற்றாண்டுகளுக்கு முன் மடிந்ததாகச் சொல்லப்படும் இருவருக்காக ஒரு நாடே அழுவதென்றால், சொல்லிச் சொல்லியே காக்கப்பட்ட நினைவு அது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருப்பூர் பஞ்சு வியாபாரத்தினால் வளர்ந்தது. சுற்றுவட்டாரத்துப் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அரவை ஆலைகளும் பஞ்சுக் கிட்டங்கிகளும் தோன்றின. 1917இல் நகராட்சி அமைந்தது. 1925இல் காந்தியடிகள் நிறுவிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இவ்வூரையே கேந்திரமாகக் கொண்டது. ஆகவே தமிழ்நாட்டுக் கதருக்குத் திருப்பூரே தலைநகரமாயிற்று. கிராமங்களில் பாட்டிமார் இராட்டையில் நூற்ற நூல் இங்கே வந்து துணியாகிப் பல திக்குகளுக்கும் சென்றது. அந்த இயக்கத்தில் தோய்ந்து உழைத்த கோவை அய்யாமுத்து ‘எனது நினைவுகள்’ என்று தம் வரலாற்றை எழுதி வைத்தார். ஒருவர் எழுதினார் என்பதனால் ஒரு தலைமுறையின் சுவடு நமக்குக் கிடைத்தது.

சென்னிமலையில் 1904 அக்டோபர் 4ஆம் நாள் நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி என்னும் குமரன், தறியால் குடும்பம் நடத்த இயலாமையால் திருப்பூருக்கு வந்து ஒரு பஞ்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பிழைக்க வந்தவர் என்று இன்று நாம் சொல்லுகிறோமே, அந்த வரிசையில் அவரும் ஒருவர். 1932 ஜனவரி முதல் வாரத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். நாடெங்கும் மறியலும் ஊர்வலமும் தடைசெய்யப்பட்டன. 10ஆம் தேதி திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர்கள் சிலர் கொடியேந்தித் தெருவில் வந்தார்கள். போலீசார் தடிகொண்டு தாக்கினார்கள். மண்டை பிளந்து விழுந்த நிலையிலும் குமரன் கொடியைக் கைவிடவில்லை. மறுநாள் 11ஆம் தேதி ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது, வயது 27. இளம் மனைவி ராமாயி அம்மாள் விதவையானார்.

ஊர் அவரை மறக்கவில்லை. நகரத்தின் பிரதான சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ரயில் நிலையத்துக்கு அருகில் நினைவகம் நிற்கிறது. பிறப்பு நூற்றாண்டான 2004இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. ‘கொடி காத்த குமரன்’ என்னும் அடைமொழியைத் தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்ற ஒவ்வொரு குழந்தையும் அறியும். இவை அனைத்தும் தகும். ஆனால் கொடியோடு விழுந்த அந்தக் கணத்துக்கு முந்தைய குமரனைப் பற்றி எவ்வளவு சொற்பமாகவே பேசுகிறோம்! பஞ்சாலையில் அவர் நாள் எப்படிக் கழிந்தது, தறியை விட்டு வந்த வேதனை எத்தகையது, ஆலையில் உடன் உழைத்தவர்கள் யாவர், அவருக்குப் பின் நெடுங்காலம் வாழ்ந்த ராமாயி அம்மாளின் ஒவ்வொரு நாளும் எப்படி நகர்ந்தது என்பனவெல்லாம், அவரை அறிந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் கேட்டு எழுதப்பட வேண்டியவை. அன்று அவரோடு அடிபட்டு விழுந்த மற்றத் தொண்டர்களின் பெயரை இன்று அந்தச் சாலையில் நின்று கேட்டால் சொல்லுகிறவர் அரியர்.

குமரன் வாழ்ந்த அதே காலத்தில்தான் பனியன் தொழிலும் இங்கே வித்திடப்பட்டது. 1925இல் குலாம் காதர் என்பவர் தொடங்கிய ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ முதலாவது என்று சொல்லுவார்கள். கையால் சுற்றும் யந்திரங்களில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் கொங்குநாட்டுக்கு வந்த பின் தொழில் வேகம் பிடித்தது. 1956இல் ‘சைமா’ என்று வழங்கும் தென்னிந்தியப் பின்னலாடை உற்பத்தியாளர் சங்கம் ஏற்பட்டது. மழை பொய்த்த வானம்பார்த்த பூமியை விட்டு வந்த உழவர் குடிப் பிள்ளைகள், முதலில் கூலிக்கு யந்திரம் ஓட்டி, பிறகு நான்கைந்து பேர் கூட்டுச் சேர்ந்து வாடகைக் கட்டடத்தில் இரண்டு யந்திரம் போட்டு, அதன் பின் முதலாளிகளான கதை இவ்வூருக்கே உரியது. ஷரத் சாரி என்னும் அறிஞர் இந்த மனிதர்களிடம் நேரில் பேசி, அவர்கள் தம் வாழ்வை உழைப்பு என்ற ஒன்றையே மையமாக வைத்துச் சொல்லுவதைக் கவனித்து, 2004இல் ஒரு நூலாக வெளியிட்டார். நம் ஊராருடைய வாய்மொழிச் சரித்திரத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் பொறுமையோடு உட்கார்ந்து கேட்டார் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, நாமே கேட்கவில்லையே என்ற வருத்தமும் உண்டு.

முதலாளியாகாதவர்கள் எத்தனை ஆயிரம்! துணியை அடுக்கடுக்காக மேஜைமேல் விரித்து, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவி, அட்டை வைத்துக் கோடிட்டு, ஒரு நூலளவும் பிசகாமல் கத்தியை ஓட்டும் கட்டிங் மாஸ்டர். ஓவர்லாக், பேட்லாக் யந்திரங்களின் முன் ஒன்றரை ஷிப்டு குனிந்திருந்து முதுகு வளைந்த டைலர். அவருக்குத் துணியை எடுத்துக்கொடுத்து மடித்து வாங்கும் கைமடிப் பிள்ளை. சாயத் தொட்டியின் ஆவியில் கை வெந்தவர். பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்த்து ஊசித் துளையைக் கண்டுபிடிக்கும் செக்கிங் பெண். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிய இந்த ஜனங்கள், 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சம்பளமின்றிக் குடும்பம் நடத்திய அந்தப் பெண்கள் அடுப்பை எதைக்கொண்டு மூட்டினார்கள், எந்த நகையை எங்கே வைத்தார்கள் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. அவர்களைக் கேட்டால்தான் தெரியும். சாயப்பட்டறைகளின் அவலத்தைச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ என்னும் நாவலில் எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார்.

கூட்டாக மடிந்தவர்களை நினைக்கும் வழக்கம் மட்டும் இப்பகுதியில் உயிரோடிருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் திரண்டபோது, 1970 ஜூன் 19ஆம் நாள் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் பலியானார்கள்; அவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் அந்நாளில் உழவர் சங்கத்தார் வந்து மலர் சாத்துகிறார்கள். கோவை சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட நாளையும் தொழிலாளர் இயக்கத்தார் விடாமல் அனுஷ்டிக்கிறார்கள். குண்டுக்கும் கயிற்றுக்கும் இரையானவர்களுக்குத் தூண் உண்டு; நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியை உட்கொண்டு மெல்ல மெல்ல இறந்தவர்களுக்கு அது இல்லை.

அச்சு யந்திரம் பெருகிய பின் சாவுக்கும் கடிதம் வந்தது. கருமாதிப் பத்திரிகை, உத்தரகிரியைப் பத்திரிகை என்று கறுப்பு மையில் அச்சிட்டு, மூலையில் ஒரு கறுப்புக் கோடு இழுத்து, தபாலில் அனுப்புவார்கள். படித்தவுடன் வீட்டுக்குள் வைக்காமல் கிழித்தெறிவது வழக்கம். பிறகு நாளிதழ்களில் நினைவஞ்சலி விளம்பரம். கணினியும் வண்ண அச்சும் வந்தவுடன் இரவோடிரவாக ஆயிரம் சுவரொட்டி, ஆளுயர பிளெக்ஸ் பேனர். செய்தி சொல்ல நடந்து சென்றவர் தம் வாயால் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுவார். பத்திரிகையில் ‘சிவலோக பதவி அடைந்தார்’ என்ற வாசகமாவது இருந்தது. பேனரில் ‘இமயம் சரிந்தது’ என்பது போன்ற நான்கைந்து வாசகங்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படுகின்றன. வேகம் ஏற ஏற வாழ்க்கையின் செய்தி குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதே தமிழர் கூட்டத்தில் இதற்கு நேர்மாறான ஒரு மரபைக் காட்ட முடியும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி, அவரைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை அச்சிட்டு வந்தவர்களுக்கு வழங்குவார்கள். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதற்குப் பெயர். இறந்த திதியைக் கூறும் வெண்பா, ஊரின் சிறப்பு, வம்ச வரலாறு, படித்த பள்ளி, பார்த்த உத்தியோகம், செய்த தருமம், மனைவி மக்கள் ஒவ்வொருவர் பெயராலும் புலம்பல், கடைசியில் தேவார திருவாசகம் என்று அதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. தபாற்கந்தோர் எழுதுவினைஞருக்கும், சுருட்டுக் கடைக்காரருக்கும், பள்ளிக்கூட உபாத்தியாயினிக்கும் அப்படி ஒரு புத்தகம் வாய்க்கும். யுத்தத்தினால் வீடும் ஊரும் அழிந்து, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமே தீக்கிரையான அந்த மண்ணில், இந்தச் சிறு மலர்கள் பெட்டிகளிலும் புலம்பெயர்ந்தோர் பயணப் பைகளிலும் தப்பிப் பிழைத்தன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தார் அவற்றைத் தேடிச் சேர்த்து, மின்படியாக்கி, எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, யார் யார் மலாயாவுக்குப் போனார்கள் என்பதை அந்தப் புத்தகங்களைக் கொண்டு இன்று ஒருவர் அறிய முடிகிறது. நம் பக்கத்திலும் சரமகவி பாடி அச்சிடும் வழக்கம் ஒரு காலத்தில் புலவர்களுக்கும் பிரபுக்களுக்கும் இருந்தது. அது தொழிலாளி வீடுவரை வரவில்லை.

திருப்பூரில் நினைவு தங்காமற்போவதற்கு விசேஷமான ஒரு காரணமும் உண்டு. இங்கே உழைப்பவர்களில் பலருக்கு இது ஊர் அன்று, பிழைப்பு. மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், தஞ்சை ஜில்லாக்களிலிருந்து வந்து, முப்பது நாற்பது வருஷம் லைன் வீட்டில் வாடகை கொடுத்து, பிள்ளைகளையும் இங்கேயே படிக்க வைத்தவர் இறந்துவிட்டால், குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றிச் ‘சொந்த ஊருக்கு’க் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே கூடுகிறவர்களுக்கு அவருடைய பால்யம் தெரியும், கம்பெனி வாழ்வு தெரியாது; அதை அறிந்த சகாக்களோ மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டும். இவ்வாறு ஒரு மனிதருடைய நாற்பது வருஷம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் சிந்திப் போகிறது. இக்காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தையல் யந்திரம் மிதிப்பவர்களுடைய நிலை இதனினும் கடினம். அவர்களில் ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் பக்கத்து அறையார் அறியார்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியபோது எழவு வீடே இல்லாமற்போயிற்று. சவ அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு விதித்தது. தொற்றினால் இறந்தவரை உறை சுற்றி நேராக எரிமேடைக்கு எடுத்துச் சென்றார்கள். மகன் தூரத்தில் நின்று பார்த்தான். கோடி போடவும், கட்டி அழவும், இரவெல்லாம் உட்கார்ந்து பேசவும் இடமில்லை. தொழிலின் ஆரம்ப நாட்களை நேரில் கண்ட முதியவர்கள் பலர் அந்த இரண்டு வருஷங்களில் பேசப்படாமலே போய்விட்டார்கள்.

ஆறும் மாறிவிட்டது. நொய்யலில் குளித்து, கரையில் கருமாதி செய்து, ஓடும் நீரில் அஸ்தியைக் கரைத்துத் திரும்புவது வழிவழி வந்த ஆசாரம். சாயக்கழிவு கலந்து நீர் நிறம் மாறிய பின், கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணையே கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. தந்தையின் அஸ்தியோடு இப்போது பவானி கூடுதுறைக்குப் போகிறார்கள். அந்தத் தந்தை தம் கையாலேயே சாயம் முக்கியவராகவும் இருந்திருக்கலாம்.

எழவு வீட்டுப் பந்தலில் இன்றும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து மனிதர்கள் பேசத்தான் செய்கிறார்கள். ‘அண்ணன் அந்தக் காலத்துல கை மிஷின்ல ஓட்டுனவருங்க’ என்று ஒருவர் ஆரம்பித்தால், மற்றொருவர் எந்தக் கம்பெனி என்கிறார், மூன்றாமவர் அந்தக் கட்டடம் இருந்த இடத்தைச் சொல்லுகிறார், பீஸுக்கு எவ்வளவு கூலி என்று ஒரு பெரியவர் நினைவுபடுத்துகிறார். அவ்விடத்தில் ஒரு பேரனோ பேத்தியோ நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்ந்தால், யாழ்ப்பாணத்துக் கல்வெட்டைப்போலப் பதினாறு பக்கத்துக்கு வேண்டிய செய்தி ஒரே இரவில் கிடைத்துவிடும்: பிறந்த ஊர், முதலில் வந்து இறங்கிய நாள், சேர்த்துவிட்டவர் பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், ஓட்டிய யந்திரம், வாங்கிய வாரச் சம்பளம், வேலைநிறுத்தத்தின்போது சாப்பிட்ட இடம், கட்டிய சீட்டு, நடத்திவைத்த கல்யாணங்கள். சுவரொட்டி அடிக்கும் அச்சகத்திலேயே அதையும் அடிக்கலாம். செலவும் பேனரைவிட அதிகமாகாது. உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமாகி அறுபது ஆண்டுகளுக்குச் சமீபமான பிறகு, 1933, 1934ஆம் ஆண்டுகளில், அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அத்தனை காலமும் மறக்காமல் வைத்திருந்து எழுத ஐயரவர்களைப் போன்ற மாணாக்கர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சைமா தொடங்கிய 1956இல் இருபது வயதில் யந்திரத்தில் உட்கார்ந்தவருக்கு இன்று ஏறக்குறையத் தொண்ணூறு வயது. 1984இல் கைக்குழந்தையோடு வேலைநிறுத்தப் பந்தலில் இருந்த பெண்ணுக்கு அறுபதுக்கு மேல் ஆகியிருக்கும்.